பதினேழாவது பிரதி

பதினேழாவது பிரதியில் ஈரத்துணி வாசம் அடித்தது.

அந்த அச்சுக்கூடத்தில் வரவே கூடாத வாசம் அது. மூன்றாவது மாடியில், ஜன்னல்களை அடைத்து, சுவர்களுக்குச் சாம்பல் வண்ணம் பூசி, பகல் வெளிச்சம் போன்ற விளக்குகளை வரிசையாகப் பொருத்தியிருந்த நீண்ட அறையில், இங்க்கின் மெல்லிய நெடியும் பருத்திக் காகிதத்தின் மாவு வாசமும் பிரிண்டரின் ஓயாத சரசரப்பும்தான் எப்போதும் இருக்கும். ஓர் அருங்காட்சியகம் தன்னிடமிருந்த பழைய திரைச்சீலைத் துணி ஒன்றின் படத்தை அனுப்பி, அசலின் நிறம் துளியும் பிசகாமல் ஐம்பது பிரதிகள் கேட்டிருந்தது. கடுகு மஞ்சள் பரப்பில் கரிக்கோடுகள், கோணலாக அடுக்கிய சாம்பல் கட்டங்கள், ஆங்காங்கே ஒரு செங்கல் நிறச் சதுரம். பூவுமில்லை, இலையுமில்லை, எதைப் போலவும் இல்லாத உருவங்கள். அக்கா அச்சடிப்பாள், தங்கை சரிபார்ப்பாள். ஊசிமுனைப் புள்ளி பிசகினாலும் பிடித்துவிடுவதால் தங்கைக்கு அங்கே பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். அக்கா அதையும் சுருக்கி, பூதம் ஆக்கியிருந்தாள்.

தங்கை தன் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். முந்தைய பதினாறிலும் இங்க் புள்ளிகள் தெரிந்தன. இதில் புள்ளியே இல்லை. ஒன்றின் மேலும் ஒன்றின் கீழுமாக நூல்கள் புகுந்து புகுந்து ஓடின. விரலால் தடவினால் வெறும் காகிதம்.

தங்கை சொன்னதும், பசியோடு வேலை பார்த்தால் துணி மட்டுமா, நெய்த ஆளே தெரிவார் என்று அக்கா சிரித்தாள். பிரதியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குறையொன்றும் இல்லை என்று சொல்லி அடுக்கில் வைத்தபோதுதான், அவளுடைய மணிக்கட்டில், கையுறை முடியும் இடத்தில், மயிரிழை அகலத்துக்கு ஒரு மஞ்சள் கோடு இருப்பதைத் தங்கை கவனித்தாள்.

இங்க்தான் என்றாள் அக்கா. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள், சோப்புப் போட்டுத் தேய்த்தாள். போகவில்லை. மூன்று மணிக்கு அது முழங்கைவரை ஏறியிருந்தது. நான்கு மணிக்குள் மஞ்சளுக்கு நடுவே கரிக்கோடுகளும் வந்துவிட்டன, யாரோ அளவெடுத்துப் போட்டதுபோல, கட்டம் கட்டமாக. வலிக்கிறதா என்று தங்கை கேட்டாள்.

"வலிக்கலடி," என்றாள் அக்கா. "அதான் பயமா இருக்கு."

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று தங்கை பையை எடுத்தாள். ஓடிக்கொண்டிருக்கும் தாளை மட்டும் முடித்துவிடலாம், நடுவில் நிறுத்தினால் வீணாகிவிடும், பத்தே நிமிடம் என்றாள் அக்கா. ஏன் அதற்குச் சம்மதித்தோம் என்று தங்கைக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

காத்திருந்த நேரத்தில் அக்காவின் கையை மடியில் வைத்துக்கொண்டு, தோலின் மேல் கண்ணாடியை வைத்தாள். ரோமம் இல்லை. ரேகை இல்லை. நூல்கள் மட்டுமே, நெருக்கமாக, புகுந்து புகுந்து.

தங்கை நிமிர்ந்தாள். அக்கா அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

தாள் லேசாகக் கோணியது. பழக்கத்தில் அக்கா கையுறையை மாட்டிக்கொண்டு எழுந்துபோய் அதைச் சரிசெய்யக் குனிந்தாள். மணிக்கட்டில் பிரிந்து தொங்கிய ஒரு நூல்முனை உருளையில் மாட்டியது.

பிரிண்டர் ஒருமுறை முனகியது. பிறகு இழுக்கத் தொடங்கியது.

கையுறையின் சுண்டுவிரல் காலியாகத் தொங்கியது. அடுத்து மோதிர விரல்.

தங்கை சுவிட்சை அணைத்தாள். ஓடியது. பிளக்கைப் பிடுங்கினாள். உருளை ஓடியது. கத்தரிக்கோலை எடுத்து நூலை அதன் வாய்க்குள் கொடுத்து அழுத்தினாள். அக்கா அலறினாள். நூலில் ரத்தம் முத்துக் கட்டியது.

"வெட்டாத. வெட்டாதடி. அது நான்."

கத்தரிக்கோல் கீழே விழுந்தது. தங்கை கீழே இருந்த காவலாளிக்கு போன் செய்தாள். லிஃப்ட் வேலை செய்யவில்லை, படியேறி வருகிறேன் என்றார் அவர். மூன்று மாடி.

கை முழுதும் போயிருந்தது. தோள். வரி வரியாக. அவசரமே இல்லாமல். மிச்சமிருந்த மறு கையைத் தங்கை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு பின்னால் இழுத்தாள். இழுத்த அளவுக்கு அக்கா நீண்டாள். இழுப்பதை நிறுத்தினாள், கையை விடவில்லை.

அக்கா நிதானமாகப் பேசினாள். மாவு டப்பாவுக்குப் பின்னால் இன்னொரு வீட்டுச் சாவி இருக்கிறதாம். வீட்டில் இருக்கும் தன் பாப்பாவுக்கு இருமல் மருந்து ராத்திரிக்கு ஒரு மூடிதான் கொடுக்க வேண்டுமாம்.

"பூதம், அவகிட்ட நான்…"

வாய் போயிருந்தது.

கண்கள் இன்னும் கொஞ்ச நேரம் இருந்தன. தங்கையையே பார்த்துக்கொண்டு. விரல்கள் இறுக்கின. பிறகு இறுக்குவதற்கு விரல்கள் இல்லை.

சரசரப்பு நின்றது.

தாள் வெளியே வந்து தட்டில் விழுந்தது. கடுகு மஞ்சள், கரி, ஒரு செங்கல் சதுரம். தங்கை அதைக் குழந்தையை எடுப்பதுபோல் இரண்டு கைகளாலும் ஏந்தினாள். உடம்புச் சூடு. தாளின் நடுப்பகுதி மெல்ல எழுந்தது. தாழ்ந்தது. மறுபடி எழுந்தது.

மேசையில் எந்தப் பக்கம் மேலே இருக்க வைத்தால் அக்காவால் மூச்சுவிட முடியும்? வண்ணமா, வெள்ளையா? அவள் திருப்பினாள். மறுபடி திருப்பினாள்.

கைகளுக்குள் அந்த மூச்சு வேகமாகிக்கொண்டே போனது.