ஆளில்லாத அறைகள்

வெப்பமீட்பியின் தட்டில் கிடந்த படம் வெளுக்கத் தொடங்கியதுமே அருள்சீலி பெட்டியைத் துழாவினாள். ஆளில்லாத படம் பெட்டியில் இனி ஒன்றுகூட இல்லை.

தூத்துக்குடிக் கடல் உறைந்த பிறகு பிரசவ வார்டைக் காப்பாற்றி வந்தவை அந்தப் பழைய புகைப்படங்கள்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எங்கோ குளிர்நாட்டில் எடுத்தவை. பள்ளிக்கூடமோ அலுவலகமோ, எதில் பார்த்தாலும் சுவரோரம் ஒரு வெப்பக் கதிரி, அதாவது நீராவி ஓடும் தடித்த இரும்புக் குழாய்களின் வரிசை நிற்கும். படமெடுத்த கணத்தில் அந்த அறையில் இருந்த சூட்டை மீட்பி இங்கே உறிஞ்சித் தரும்; சூடு தீரத் தீரப் படம் வெளுக்கும். அங்கே என்ன மிஞ்சும் என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான், ஆள் தெரியும் படத்தைத் தட்டில் வைக்கக் கூடாது என்று சட்டம். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அதைக் கண்டிப்பாகச் சொல்லிக்கொடுப்பவளே அருள்சீலிதான்.

“யக்கா, பிள்ளைக்கு உதடு நீலம் பாய்ஞ்சிட்டு வருது,” என்றாள் தங்கை ஜெசிந்தா. ஏழு மாதத்திலேயே பிறந்துவிட்ட பிள்ளை, தொட்டிலில் அசையாமல் கிடந்தது.

“படம் தீந்துட்டுட்டி. அடுத்த கட்டு மத்தியானந்தான் வரும்.”

“அந்தா ஒண்ணு தனியா கெடக்குல்லா.”

அது ஒதுக்கிய படம். ஏதோ ஆஸ்பத்திரி அறை, ஆள் உயரத்துக்குக் கதிரி. அதையொட்டி ஒரு தொட்டில். பக்கத்தில் வெள்ளை உடுப்பில் ஒரு நர்ஸ், நேராகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“அதுல ஆள் இருக்குட்டி.”

“அவங்க செத்து முந்நூறு வருசமாச்சு. எம்பிள்ள இப்பம்லா சாகப் போவுது.”

சட்டம் போட்டவர் யாரும் அப்போது அந்த வார்டில் நிற்கவில்லை. அருள்சீலி படத்தைத் தட்டில் வைத்துப் பொத்தானை அழுத்தினாள்.

வார்டு முழுக்க இதமான சூடு பரவியது. கொஞ்ச நேரத்தில் பிள்ளை வீறிட்டு அழுதது. ஜெசிந்தாவும் சேர்ந்து அழுதாள். அருள்சீலி தட்டைப் பார்த்தாள். படத்தில் கதிரியின்மேல் பனி படர்ந்திருந்தது. நர்ஸ் இப்போது சிரிக்கவில்லை, தொட்டிலுக்குள் குனிந்திருந்தாள். அருள்சீலி படத்தைக் குப்புறக் கவிழ்த்தாள். தன்மேலேயே அருவருப்பாக இருந்தது; பிள்ளையின் அழுகையைக் கேட்கக் கேட்கச் சந்தோஷமாகவும் இருந்தது.

சத்தம் கேட்டு ஜெசிந்தாவின் கணவன் லூர்துராஜ் ஓடிவந்தான். சொந்தக்காரர்களுக்கெல்லாம் பிள்ளையின் முதல் படத்தை அப்பன்தான் அனுப்ப வேண்டும். அது அவர்கள் வீட்டு வழக்கம். மீட்பி, தொட்டில், பக்கத்தில் நிற்கும் அருள்சீலி, எல்லாம் அடங்கும்படி செல்போனைத் தூக்கிப் பிடித்தான்.

“மதினி, இங்க பாத்துச் சிரிங்க.”

அவள் சிரித்தாள். சிரித்த பிறகுதான் உறைத்தது.

“எடுக்காதிய…”

அவன் எடுத்துவிட்டான். அவள் வாயிலிருந்து வந்த மூச்சு வெள்ளையாகப் புகைந்தது. தொட்டில் கம்பியில் வைத்திருந்த கை ஒட்டிக்கொண்டது. பிள்ளையின் அழுகை பாதியில் நின்றது.

இன்னும் பிறக்காத ஒரு நூற்றாண்டில் யாரோ ஒருத்தி, தொட்டில் இருப்பதைப் பார்த்த பிறகும் பொத்தானை அழுத்தியிருக்கிறாள். அவளைச் சபிக்க அருள்சீலிக்கு நாக்கு எழவில்லை.