பார்ப்பவர் ஒருவர்

தன்னைக் கழித்த பிறகும் அந்த ஒன்று போகவில்லை.

"புதுசா ஆரம்பிக்கிற எல்லாரும் பண்ற தப்புதான்க்கா," என்று தம்பி போனில் சிரித்திருந்தான். "உன் சைட்ட நீயே திறந்து வெச்சுக்கிட்டு, யாரோ வந்துட்டாங்கன்னு குதிக்கிற. மொதல்ல அதை மூடு. அப்புறம் எண்ணிக்கையைப் பாரு."

அவள் மூடிவிட்டுப் பார்த்தாள். சமையலறை மேசைமேல் இருந்த லேப்டாப்பில், 'இப்போது பார்ப்பவர்கள்' என்பதற்குக் கீழே ஒன்று அப்படியே நின்றது.

வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, மகளை அழைத்துக்கொண்டு, வெளிநாட்டில் வேலை பார்க்கும் கணவனிடம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அவளுடைய நினைப்பெல்லாம் அதுதான். அதற்காகத் தம்பி ஒரு வலைத்தளம் செய்து கொடுத்திருந்தான். அறைக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு நாலைந்து படம்: வாசல், கூடம், சமையலறை, மாடிப்படி, குழந்தை அறை. யார் வருகிறார்கள், எந்தப் பக்கத்தில் நுழைகிறார்கள், எதைப் பார்த்ததும் ஓடுகிறார்கள் என்று காட்டும் திரையைப் படிக்கச் சொல்லிக்கொடுப்பதுதான் இன்றைய பாடம்.

"பாதிப் பேர் சமையலறையப் பாத்ததும் ஓடிடறாங்க. உன் சமையலப் பத்தி வெளிய தெரிஞ்சுபோச்சு போல."

"நேர்ல வா, உதை வாங்குவ."

மழை பிடித்த மத்தியானம். பகலில் கண்ணே மூடாத மகள், வீட்டில் எல்லாரும் வாலு என்று கூப்பிடும் அந்தப் பொடிசு, காய்ச்சல் மருந்தின் அசதியில் மாடியில் தன் அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஓட்டில் விழுந்து கூரை விளிம்பில் வழிந்துகொண்டிருந்த தண்ணீரின் சத்தத்தில் வீடே முங்கிக் கிடந்தது.

"அந்த ஒருத்தர் எங்க இருக்காரு?" என்று, தன் திரையிலும் அதையே பார்த்துக்கொண்டிருந்த தம்பி பாடம் ஒப்பிக்கச் சொல்வதுபோலக் கேட்டான்.

"வாசல் பக்கத்துல. நான் உட்கார்ந்ததிலேர்ந்து அங்கேயே நிக்கறாரு."

"பொறுமைசாலி. நல்லா பாத்துட்டு வர்ற ஆளு. இந்த மாதிரி ஆள்தான் நமக்கு வேணும்."

திரையில் 'வாசல்' மறைந்து 'கூடம்' என்று வந்தது. அதே நொடியில், மழையின் ஓயாத சலசலப்புக்கு நடுவே, முன்கதவின் தாழ்ப்பாள் மெதுவாக, சத்தம் கேட்டுவிடக் கூடாதே என்று கவலைப்படுகிறவர் நகர்த்துவதுபோல நகர, குளிர்ந்த காற்று ஒன்று கூடத்தைக் கடந்து அவள் கணுக்காலைத் தொட்டது. கூடவே ஒரு வாடை வந்தது. வாளியில் ஊறவைத்து மறந்துபோன துணியின் வாடை.

மிரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். காற்றுக்குக் கதவு திறந்திருக்கும். எழுந்து போய்ச் சாத்திவிட்டு வந்தால் தீர்ந்தது. ஆனால் எழவில்லை. கூடத்தில் ஈரப் பாதங்கள் தரையை ஒட்டி ஒட்டிப் பிரியும் ஓசை கேட்டது. சுவரோரமாக, ஒவ்வொரு பொருளின் முன்னும் நின்று நின்று.

திரையில் எழுத்து மாறியது.

'சமையலறை.'

அவள் திரும்பவில்லை. வாடை பின்கழுத்துக்கு வந்து நின்றது. அடுப்பு மேடையில் இருந்த கிண்ணம் ஒன்று தூக்கிப் பார்க்கப்பட்டு, பழைய இடத்திலேயே கவனமாக வைக்கப்பட்டது.

"அக்கா? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"பாத்தியா, சமையலறையப் பாத்தும் ஓடல! இந்த ஆள விடாத."

'மாடிப்படி.'

வாடை விலகியது. முதல் பலகை முனகியது. மேலே போக அந்த ஒரு வழிதான். அந்த வழியில்தான் அது ஏறிக்கொண்டிருந்தது. பார்க்காத பக்கம் இனி ஒன்றே ஒன்றுதான் பாக்கி.

"டேய், ஒரு பக்கத்துக்கு யாரும் போகாம பண்ணணும். என்ன செய்யணும்? சீக்கிரம் சொல்லு."

"எதுக்குக்கா?"

"சொல்லுடா!"

"அழிச்சிடு. இல்லாத பக்கத்துக்கு எவன் போவான்?"

இன்னொரு பலகை. இன்னொன்று. அவள் விரல் வழுக்கியது. 'குழந்தை அறை.' அழி. அழித்ததை மீட்க முடியாது, சம்மதமா என்று திரை கேட்டது. சம்மதம். சம்மதம்.

முனகல் நின்றது.

மழை மட்டும்.

போனைக் கையில் பிடித்தபடியே ஓடினாள். கூடத்தில் ஈரச் சுவடுகள். படியில் ஈரச் சுவடுகள். மேல்படியைத் தாண்டி, நடையில், வலப்பக்கமாகத் திரும்பி, சுவரில் போய் முடிந்தன.

சுவர்.

கதவு இருந்த இடத்தில் சுவர். நிலை இல்லை, கைப்பிடி இல்லை, வாலு ஒட்டிய பட்டாம்பூச்சிப் படம் இல்லை. பழைய சுண்ணாம்பு, எத்தனையோ காலமாக அப்படியே இருப்பதுபோல.

"அம்மா," என்றது உள்ளிருந்து ஒரு தூக்கக் கலக்கக் குரல். "கதவ எங்கம்மா வெச்ச?"

அவள் அறைந்தாள். நகத்தால் பிறாண்டினாள். சுண்ணாம்பு உதிர்ந்தது. உள்ளே செங்கல்.

"அக்கா, குட் நியூஸ்," தம்பியின் குரல் போனில் குதித்தது. "ஒண்ணு இப்போ ரெண்டாயிடுச்சு. ரெண்டு பேரும் ஒரே பக்கத்துலதான் இருக்காங்க. ஆனா அதைத்தான நீ இப்போ அழிச்ச?"

அவள் உள்ளங்கையைச் சுவரில் பதித்துக் கத்தினாள். "கண்ணு, அம்மா இங்கதான் இருக்கேன். தட்டு. அம்மாவுக்குக் கேக்கற மாதிரி தட்டு."

தட்டியது. அவள் இடுப்புயரத்தில், சின்னக் கை, மெதுவாக.

பிறகு அதற்கு மேலே, அவள் முகத்துக்கு நேராக, இன்னொரு கை தட்டத் தொடங்கியது.