மூன்றாம் நம்பர் பிரஸ்ஸின் சுவிட்ச்

"சாவிய என்கிட்ட குடுத்துட்டுப் போங்க சார்."

ஒரகடம் சாலையோர டிரான்ஸ்பார்மர் கம்பெனியில் சேர்ந்த அன்றே, கூட வேலை செய்யும் ஞானம்மா அக்கா சசிரேகாவிடம் சொல்லியிருந்தாள்: லீவு கேள், சண்டைகூடப் போடு, சாவியை மட்டும் கேட்காதே. பெண்கள் வேலை செய்யும் ஷெட்டை வெளியிலிருந்து பூட்டுவது அங்கே வழக்கம். வேலை முடிந்தால்தான் திறப்பார்கள். இன்று சசிரேகா கேட்டுவிட்டாள்.

சூப்பர்வைசர் ராஜசேகர் சிரித்தார். "இன்னாம்மா, காலேஜ்ல இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா? பெடல முடிச்சு வை. டீ குடிச்சிட்டு வரேன்."

பூட்டு விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். வேறு யாரும் இல்லை. மறைமலை நகரில் மேடைக் கச்சேரிகளில் கிடார் வாசிப்பவர் ராஜசேகரின் தம்பி. கிடாரின் சத்தத்தைக் கரகரப்பாக்க, காலால் மிதிக்கிற இரும்புப் பெட்டி அந்தப் பெடல். அதன் சுவிட்ச் போய்விட்டது. வீட்டில் முதன்முதலாக டிகிரி வாங்கியவள், பி.எஸ்ஸி. பிசிக்ஸ், பூட்டிய ஷெட்டுக்குள் எவனுடைய தம்பியின் பெட்டியையோ பிரித்துக்கொண்டிருந்தாள். வாய்க்குள்ளேயே திட்டினாள்.

பழைய சுவிட்சை எடுத்துப் போட்டாள். ராஜசேகர் துணியில் சுற்றி வைத்துவிட்டுப் போனதைப் பொருத்தி, ஆறு ஒயர்களையும் பற்றவைத்தாள். அதன் பிறகுதான் பக்கவாட்டில் சிவப்பு பெயிண்டில் இருந்த எண்ணைக் கவனித்தாள். 3.

தகடு வெட்டும் மூன்றாம் நம்பர் பிரஸ் மெஷின். லீலா உட்கார்ந்த இடம். ஐந்து மாதம் முன்பு தகடு அடிக்கும்போது அவள் கை உள்ளே மாட்டிக்கொண்டது. அன்றும் கதவு பூட்டியிருந்தது. டீ குடித்துவிட்டு ராஜசேகர் வந்து திறந்தபோது லீலாவுக்குக் கத்தக்கூட உயிர் மிச்சமில்லை. பிரஸ்ஸைக் கழற்றி விற்றார்கள். மிதித்தால் பிரஸ் இறங்கும் அதன் கால்சுவிட்ச் நன்றாகத்தான் இருக்கிறது, வீணாக்குவானேன் என்று எடுத்து வைத்திருக்கிறார்.

சசிரேகா பேட்டரியைப் போட்டு, ஸ்பீக்கரில் சொருகி, சுவிட்சை உள்ளங்கையால் அழுத்தினாள். டக். கரகரவென்ற இரைச்சல். மறுபடி அழுத்தினாள். டக். அமைதி. கையை எடுத்தாள்.

டக்.

வெயிலில் தகரக்கூரை விரிந்து முறுகும் சத்தத்தோடும், ஈயப்புகையின் கசந்த வாடையோடும், எங்கிருந்தோ பழைய மெஷின் எண்ணெயின் நாற்றம் மெல்ல ஏறி வந்தது. ஸ்பீக்கரிலிருந்து, கனமான ஏதோ ஒன்று மேலே போய் இறங்கும் சத்தம், நாலு நொடிக்கு ஒரு தரம், தகடு தகடாக அடிக்கும் அதே கணக்கில் கேட்டது.

பேட்டரியைப் பிடுங்கினாள். நிற்கவில்லை.

ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினாள்.

நிற்கவில்லை.

இரைச்சலுக்குள் யாரோ மூச்சு வாங்கினார்கள். அப்புறம் கம்மிய குரலில், "சார்."

கதவுக்கு ஓடினாள். தட்டினாள். உள்ளங்கை எரிந்தது. வெளியே லாரிச் சத்தம். பின்னால் டக். இன்னும் பக்கத்தில், டக். திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

பூட்டு திறந்தது. ராஜசேகர். உள்ளே எல்லாம் ஒரே நொடியில் அடங்கியது.

"எதுக்கு இந்தத் தட்டு தட்டுற? யாரு செத்துட்டாங்க இப்ப?"

சசிரேகா பெடலை எடுத்து மேஜை ஓரமாகத் தரையில் வைத்தாள்.

"ரெடி சார். மிதிச்சுப் பாருங்க."

மிதித்தார். டக். காலை எடுக்கப் பார்த்தார். வரவில்லை. அவருடைய கறுப்பு ஷூவின் மேல் வெறுங்கால் ஒன்று, பெண்ணின் கால், கணுக்கால் வரைக்கும் மட்டும், அழுத்திக்கொண்டிருந்தது.

"சசி... கதவாண்ட போவாத."

அவள் அவரைத் தாண்டி நடந்தாள். வெளியே வெயிலில் கண் கூசியது. வாசலில் ஒரே ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். அவருடைய வலது கை, யாரோ மணிக்கட்டைப் பிடித்து இழுத்த மாதிரி, மேஜையில் விரித்து வைக்கப்பட்டிருந்தது. அதற்கு மேலே எதுவும் இல்லை. ஆனாலும் கையின் மீது ஒரு நிழல், சதுரமாக, மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.