விளிம்பு தெரியாமல்

வரட்டும். எங்க சுத்தினாலும் ஒருநாள் வீட்டுக்கு வந்துதானே ஆகணும். வந்து வாசல்ல நின்னு 'அக்கா'ன்னு பல்லக் காட்டட்டும். அன்னிக்கு இருக்கு அவனுக்கு.

காலையில் வேலைக்கு வரும் வழியெல்லாம், குளிர்காலத் தொடக்கத்தில் சொல்லாமல் போய்விட்ட தம்பியை மனசுக்குள் இப்படித் திட்டிக்கொண்டே வருவது அவளுக்குப் பழகிவிட்டது. மழை விடாத அந்தக் குளிர்காலம் முழுவதும் கோபத்தை அணையவிடாமல் ஊதி ஊதி வைத்திருந்தாள். அது அணைந்தால் அந்த இடத்தில் வேறு என்ன வந்து உட்காரும் என்று அவளுக்குத் தெரியும். அன்றும் அப்படித்தான், முணுமுணுத்துக்கொண்டே குளத்தங்கரை கிரீனில் ஏறினாள். ஏறியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

நேற்று அவள் அடைத்த குழி மேலே எழும்பியிருந்தது.

விரிப்புப்போல ஒட்டக் கத்தரித்து வைத்திருக்கும் வட்டப் புல்தரையைத்தான் கோல்ஃப் மைதானத்தில் கிரீன் என்பார்கள். பந்து போய் விழும் குழி அதில்தான் இருக்கும். சுற்றியுள்ள புல் மிதிபட்டுச் சாகக் கூடாது என்பதால் அந்தக் குழியை அடிக்கடி இடம் மாற்ற வேண்டும். இரண்டு கைப்பிடி வைத்த இரும்புக் குழாயைத் தரையில் இறக்கித் திருகி எடுத்தால், தலையில் புல்லோடு உருளையாக மண் வரும். புதுக் குழியின் மண்ணால் பழைய குழியை அடைப்பார்கள். மழை குடித்த தரையில் அடைப்பு உள்வாங்கும். ஒரு பிடி மணல் போட்டு ஏற்றிவிட்டால் முடிந்தது. உள்வாங்காத அடைப்பைக்கூட அவள் பார்த்திருக்கிறாள். எழும்பிய அடைப்பை இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை.

ஒரு விரல்கடை உயரம். யாரோ கீழேயிருந்து தள்ளிப் பார்த்து, கை ஓய்ந்து விட்டுவிட்டதுபோல.

"எவன்டா இதுல கை வச்சது?"

ஆளில்லாத மைதானத்தைப் பார்த்துக் கத்தினாள். மூடுபனி அந்தச் சத்தத்தை அங்கேயே விழுங்கிவிட்டது. குனிந்து பார்த்தபோதுதான் தடங்கள் தெரிந்தன. அடைப்பின் விளிம்பைச் சுற்றி, ஒன்றையடுத்து ஒன்றாக, கட்டைவிரல் அழுத்திய பள்ளங்கள்.

அப்படி அடைக்கிறவன் ஒருத்தன்தான். அவள் குதிகாலால் மிதித்து அடைப்பாள். தம்பியோ, இதே மைதானத்தின் வாய்க்கால் வேலைக்காரன், மெலிந்த உடம்புக்காக எல்லோரும் குச்சி என்று கூப்பிடுகிறவன், மண்டியிட்டு உட்கார்ந்து, கட்டைவிரல்களால் சுற்றிவர அழுத்தி, விளிம்பே தெரியாமல் பண்ணிவிடுவான். கடைசியில் விரல்முட்டியால் இரண்டு தட்டு. அப்புறம் காதை வைத்துக் கேட்பான். "யார் வீட்டுக் கதவடா தட்டுற? வந்து திறக்கப் போறாங்க" என்று இவள் சீண்டுவாள். "திறந்தா நீ போய்ப் பேசு. உன் வாய்க்குப் பூமியே கதவச் சாத்திக்கும்" என்பான் அவன், கன்னத்தில் அதக்கிய புதினா மிட்டாயோடு. போவதற்கு முந்தின நாட்களில் அவனுக்கு இருமல் விடவேயில்லை.

அப்போ வந்திருக்கான். வீட்டுக்கு வராம இங்க வந்து விளையாட்டுக் காட்டிட்டுப் போயிருக்கான்.

குதிகாலை ஓங்கி அடைப்பின்மேல் இறக்கினாள். அது இறங்கியது. ஆனால் மண் இறங்குவதுபோல இல்லை. தூக்கத்தில் இருக்கிறவர் புரண்டு இடம் விடுவதுபோல, பூட்ஸின் அடியில் மெல்ல விலகிக் கொடுத்தது.

மறுநாள் மைதானம் திறக்கிறார்கள். செய்ய வேண்டிய வேலை மலைபோலக் கிடந்தது: பாதைகளில் அரித்துப்போன மணல், சாய்ந்த வேலி, கிளப் கட்டிடத்தின் குளியலறையில் கூரைவரை படர்ந்த கரும்பூஞ்சை. மதியத்துக்குமேல் பிளீச்சிங் பவுடர் வாளியோடு அவள் குளியலறைக்குள் நுழைந்தபோது மேனேஜர் வாசலில் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார்.

"ஏம்மா, இதெல்லாம் உன் தம்பி வேலை. அவன் இருந்திருந்தா இப்படி விட்டிருப்பானா?"

"அவனப் பத்தி நீங்க பேசாதீங்க சார்."

"நான் என்ன சொல்லிட்டேன்? சொல்லாம கொள்ளாம ஓடினவன் அவன். கோவம் என் மேலயா?"

அவள் பிரஷ்ஷை வாளியில் நனைத்தாள். ஓடினவன் என்று அவளும்தானே சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்த வார்த்தையை முதன்முதலில் யார் வாயிலிருந்து கேட்டோம் என்று அப்போதுதான் யோசித்தாள். இவர் வாயிலிருந்துதான்.

அவர் போனபின் சுவரைத் தேய்க்க ஆரம்பித்தாள். ஈரச் சுண்ணாம்பின் நெடி, பிளீச்சிங் பவுடரின் காரம், உயரத்து ஜன்னலில் சாம்பல் வெளிச்சம், பிரஷ்ஷின் ஒரே மாதிரியான கரகரப்பு. அதற்குள் இன்னொரு கரகரப்பு நுழைந்திருப்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. கை நின்றது. அது நிற்கவில்லை. தரையில் தண்ணீர் போகும் இரும்புச் சல்லடைக்குள்ளிருந்து வந்தது, சளி கட்டிய நெஞ்சு மூச்சுக்குத் திணறுகிற சத்தம். பிறகு ஒரு இருமல். பிறகு, சாக்கடை வாடை வரவேண்டிய இடத்திலிருந்து, புதினா.

மண்டியிட்டாள்.

"டேய்?"

சல்லடையின் அடியில் இரண்டு தட்டு.

கைகழுவும் தொட்டிகளில் தேங்கியிருந்த தண்ணீரெல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே போனது. நெடுநேரம் அடக்கி வைத்திருந்தவர் மூச்சை இழுத்ததுபோல.

டிராக்டர் கொட்டகையில் டிரைவர் புல்தரையைச் சமன்செய்யும் உருளைக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். வயதில் மூத்தவர், இவளைத் தங்கச்சியாக நினைக்கிறவர். ஆனால் குளிர்காலம் தொடங்கியதிலிருந்து இவள் முகத்தை நேராகப் பார்ப்பதேயில்லை. மழை எல்லாரையும் உம்மென்று ஆக்கிவிட்டது என்று அவள் விட்டுவிட்டிருந்தாள்.

"அண்ணே, குளிக்கிற ரூம் தண்ணி எங்க போகுது?"

"புதுக் குழாய்லம்மா."

"பழைய இணைப்பு?"

"அத யாரு பிடுங்கினா? கிரீனுக்கு அடியில போற பெரிய குழாயோட சேந்தேதான் கிடக்கு. அதத்தான் ரெண்டு பக்கமும் மூடிட்டோமே."

"மூடுறப்போ உள்ள பாத்தீங்களா?"

எண்ணெய்த் துணி அவர் கையில் அப்படியே நின்றது. கூரைத் தகரத்திலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று விழுந்தது.

"குச்சி குழாய்க்குள்ள அடைச்சிருந்த வேர அறுத்துட்டு இருந்தான்" என்றார், உருளையைப் பார்த்தபடி. "குளம் ஏறி கிரீன் முங்க ஆரம்பிச்சிருச்சு. தண்ணிய அந்தக் குழாய்ல விட மதகத் திறடான்னு மேனேஜர் கத்துறாரு. ஆள் உள்ள இருக்கு சார்னேன். அவன் அந்தப் பக்கமா வெளிய போய்ட்டான், என் கண்ணால பாத்தேன்னாரு. திறந்தேன். கொஞ்ச நேரத்துல குழாய் உடைஞ்சு தரை உள்வாங்கிருச்சு. சிமெண்ட் கலவையக் கொட்டி மூடச் சொல்லிட்டாரு."

"நீங்க நம்பினீங்க."

"நம்பாம எப்படிம்மா தூங்குறது?"

அவள் அழவில்லை. உள்வாங்கிய அந்த இடத்தில் புல் பாய் விரித்தது அவள்தான். ஓரம் ஓரமாக இழுத்துச் சேர்த்து, தட்டி, தண்ணீர் தெளித்து, பச்சை பிடிக்கிறதா என்று தினமும் போய்ப் பார்த்து வளர்த்தாள். அதன்மேல் நின்றுகொண்டுதான் தினமும் அவனைத் திட்டினாள். நாயே என்றாள். நன்றி கெட்டவனே என்றாள். அவன் கீழே படுத்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். இத்தனை நாள் ஊதி வைத்த நெருப்புக்கு இப்போதுதான் சரியான ஆள் கிடைத்திருந்தது.

"டிராக்டர எடுங்கண்ணே. எனக்கு வெளிச்சம் வேணும்."

இருட்டத் தொடங்கியிருந்தது. டிராக்டரின் இரண்டு விளக்குகளும் கிரீனைச் சாய்வாக வெட்டின. காலையில் மிதித்து இறக்கிய அடைப்பு மறுபடி எழும்பியிருந்தது, இந்தத் தடவை இரண்டு விரல்கடை. அதன்மேல் இரும்புக் குழாயை வைத்துத் திருகினாள். வழக்கமான நறநறப்பு இல்லை. வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. தூக்கியபோது மண் உருளை எடையில்லாமல் வந்தது. குழிக்கு அடியே இல்லை. கறுப்பு. அதற்குள்ளிருந்து வெதுவெதுப்பாக ஒரு காற்று முகத்தில் பட்டது. புதினா.

"வந்துட்டேன்டா" என்றாள் குழிக்குள். "இரு. மண்வெட்டி கொண்டு வந்திருக்கேன்."

"என்னம்மா பண்ற அங்க?"

மேனேஜர், கிளப் கட்டிடத்திலிருந்து, பளபளப்பான ஷூ சேற்றில் வழுக்க, ஏறக்குறைய ஓடி வந்தார். "நாளைக்கு ஆட வர்ற இடம்மா இது! உனக்குப் பித்து பிடிச்சிருச்சா?"

"என் தம்பி எங்க சார்?"

அவர் கண் டிராக்டர் பக்கம் போனது. டிரைவர் இன்ஜினை அணைத்தார். விளக்கை அணைக்கவில்லை.

"மூடு" என்றார் மேனேஜர். குரல் மெலிந்திருந்தது. "எதுவா இருந்தாலும் அப்புறம் பேசிக்கலாம். முதல்ல மண்ணப் போட்டு மூடு."

அவள் மண் உருளையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அந்த அமைதியில்தான் கேட்டது. புல் கிழிகிற சின்னச் சத்தம். அவளுக்கு இடப்பக்கம். பிறகு பின்னால். பிறகு தூரத்தில். புல் பாய் விரித்த நாளிலிருந்து அவள் அடைத்த குழிகள், அவளே மறந்துபோனவைகூட, ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்தன. விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நீண்ட நிழல்.

"பெருச்சாளி" என்றார் மேனேஜர். "மழைக்கு வந்த பெருச்சாளி. இத மிதிச்சு..."

பக்கத்திலிருந்ததை மிதித்தார்.

ஷூ உள்ளே போனது. கணுக்கால் போனது. முழங்கால்வரை. அவர் சிரித்துவிட்டார். "பாத்தியா எவ்வளவு பொசபொசன்னு இருக்கு! இதத்தான் சொன்னேன், மூடணும்னு."

காலை இழுத்தார். வரவில்லை.

மறுபடி இழுத்தார்.

சிரிப்பு நின்றது.

"ஏதோ பிடிச்சிருக்கு" என்றார். "உள்ள. ஏதோ."

அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் காலுக்கும் மண்ணுக்கும் நடுவே இருந்த இடுக்கில் ஏதோ அசைந்தது. வெளுப்பாக. தண்ணீரில் ஊறிச் சுருங்கிய இரண்டு கட்டைவிரல்கள். மேலே வந்தன. விளிம்பைத் தடவின. ஒரு பிடி மண்ணை இழுத்தன. அழுத்தின. கொஞ்சம் நகர்ந்து, மறுபடி அழுத்தின. அவசரமில்லை. சுற்றிவர. பொறுமையாக. புல்லை இழுத்து அவர் பேண்ட் துணியோடு சேர்த்து, இடுக்கை மூடி, மேலே தடவி.

விளிம்பு தெரியவில்லை.

கீழே எங்கேயோ இரண்டு தட்டு. பிறகு நிசப்தம். காதை வைத்துக் கேட்கிறவனின் நிசப்தம்.

"கை குடும்மா" என்றார் மேனேஜர். கையை நீட்டினார். மண் அவருடைய தொடையைத் தொட்டிருந்தது. "கை குடு. உனக்குப் புண்ணியமாப் போகும். கை குடும்மா."

அவள் மடியிலிருந்த மண்ணின் புல்லைக் கோதிவிட்டாள்.

"மாட்டேன் சார்" என்றாள், மெதுவாக, கீழே கேட்டுக்கொண்டிருப்பவனுக்குக் கேட்டால் போதும் என்பதுபோல.