எல்லாம் சொன்னனான்

ஸ்கான் முடிவில் ஒன்றுமில்லை என்று டொக்டர் சொன்ன அந்த நொடியில் கஜந்தியின் வலி நின்றது. அது குறைந்து குறைந்து நிற்கவில்லை. பக்கத்து அறையில் தன்னைப் பற்றிப் பேசுவதைக் கேட்ட ஒருவர் மூச்சை அடக்கிக்கொள்வதைப்போல, சட்டென்று நின்றது. டொக்டர் திரையை அவள் பக்கம் திருப்பி, ஈரல் நன்றாக இருக்கிறது, கணையம் நன்றாக இருக்கிறது, இரத்தத்திலும் குறையில்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி முடிக்கும்வரை, இடது விலாவின் கீழே இரண்டு மாதமாக இருந்த அந்த அழுத்தம் உள்ளே எங்கோ ஒதுங்கி நின்று காத்திருந்தது. அவள் நன்றி சொல்லிக் கதவைத் திறந்து சிட்னியின் மெரிலேண்ட்ஸ் வீதியின் குளிர்கால வெயிலில் கால் வைத்ததும் மறுபடி தொடங்கியது. மெதுவாக. இடியப்ப உரலை யாரோ இரு கையாலும் அழுத்துவதைப்போல.

"அப்ப நீர் சுகம்," என்றார் அவள் கணவர் விக்னராஜா, சோற்றைப் பிசைந்தபடி. "ரெண்டு தரம் ரத்தம், ஒரு ஸ்கான், ஒரு ஈசிஜி. என்ர காரைக்கூட நான் இவ்வளவு செக் பண்ணேல்லை."

"இல்லையப்பா. டொக்டருக்கு முன்னால இருந்தா அது நிக்குது. வெளியில வந்தா நோகுது."

"உம்மட வருத்தத்துக்கு டொக்டரைக் கண்டாப் பயம் போல," என்று சிரித்தார்.

அவளும் சிரித்தாள். முடிவுத் தாளை குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டினாள். வலி வரும்போதெல்லாம் அதன் முன்னால் நின்று, கிளினிக்கின் நர்ஸ் சொல்லித் தந்தபடி நாலு எண்ணி மூச்சை இழுத்து, நாலு எண்ணி விட்டு, 'குறைபாடு எதுவும் இல்லை' என்ற வரியை வாசித்தாள். மூன்று நாள் அந்தத் தாள் வேலை செய்தது. மூன்று நாளும் நன்றாகத் தூங்கினாள். நான்காம் நாள் பின்னேரம் வீடு முழுக்க அவித்த மாவின் மணம் எழுந்தது. சூடான, ஈரமான, ஓலைத்தட்டில் இருந்து ஆவி கிளம்பும்போது வரும் அந்த மணம். கராஜில் இருந்த பெரிய இடியப்ப ஸ்டீமரை ஒருவரும் தொட்டு எட்டு மாதமாகிறது. கராஜின் பூட்டு தூசியோடு தொங்கியது. அவள் கட்டிலில் போய்ப் படுத்து, வலிக்கும் இடத்தைத் தன் பெருவிரலால் அழுத்திப் பார்த்தாள்.

உள்ளேயிருந்து ஒரு பெருவிரல் திருப்பி அழுத்தியது.

பவளராணிக்கும் இதே இடத்தில்தான் நொந்தது. படகில் அகதியாக வந்தவள் அவள், தற்காலிக விசாவில் இருந்தவள், கஜந்தியின் கேட்டரிங்குக்கு அந்தக் கராஜில் இடியப்பம் அவித்தவள். ஆங்கிலம் தெரியாது. கிளினிக்கில் போனில் மொழிபெயர்ப்பாளரை எடுத்துத் தருகிறோம் என்றபோது கஜந்திதான் தடுத்தாள்.

"போனில வாறதும் எங்கட சனம்தான். நாளைக்குக் கோயிலடியில உன்ர வருத்தம் கதையாயிடும். நான் வாறன்."

பவளராணி நம்பினாள். இதே டொக்டரின் முன்னால் இருந்து பத்து நிமிடம் பேசினாள். சாப்பாடு இறங்குவதில்லை. மலம் கறுப்பாகப் போகிறது. உள்ளே யாரோ பிழிகிறார்கள். இரைப்பைக்குள் கமரா விட்டுப் பார்ப்போமா என்று டொக்டர் கேட்டார். அந்தக் கிழமை இரண்டு சாமத்தியவீட்டுச் சடங்குகளுக்குச் சாப்பாட்டு ஓடர்கள். கமரா என்றால் இரண்டு நாள் வேலைக்கு வரமாட்டாள். கஜந்தி புன்னகையோடு ஆங்கிலத்தில் சொன்னாள்: வலி பெரிதாக இல்லை, ஊரில் விட்டுவந்த பிள்ளைகளை நினைத்துக் கவலைப்படுகிறாள், கமரா வேண்டாமாம்.

காரில் வரும்போது பவளராணி கேட்டாள். "அக்கா, நான் சொன்னதெல்லாம் சொன்னனீங்களோ?"

"ஓம். எல்லாம் சொன்னனான்."

நாலு மாதத்துக்குப் பிறகு, பெரிய ஆஸ்பத்திரியில் அவள் கடைசியாகக் கிடந்த கட்டிலில், அங்கிருந்த மொழிபெயர்ப்பாளர் கிளினிக்கின் பழைய குறிப்பை அவளுக்குத் தமிழில் வாசித்தார். பெரிய வலி இல்லை. பரிசோதனை வேண்டாம் என்று நோயாளி மறுத்தார். பவளராணி கேட்டு முடித்தாள். கால்மாட்டில் நின்ற கஜந்தியிடமிருந்து கண்ணை எடுக்காமலே, "இன்னொருக்கா வாசியுங்கோ," என்றாள். அவர் வாசித்தார்.

"இன்னொருக்கா."

செவ்வாய்க்கிழமை காலை கஜந்திக்குக் கறுப்பாகப் போனது.

தார் போல. அவள் நெடுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த ஸ்கான் படமும் எந்த இரத்தப் பரிசோதனையும் காட்டாத ஒன்று இப்போது கிடைத்திருக்கிறது. இதைச் சொன்னால் போதும். ஒரே ஒரு வசனம்.

பின்னேரம் கிளினிக்கில் அவள் வாயைத் திறக்கும் முன்பே டொக்டர் இரங்கினார். முடிவுகள் நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் இந்தப் பயம் உங்களைத் தின்கிறது, மன ஆறுதலுக்காக ஒருமுறை கமரா விட்டுப் பார்ப்போம் என்றார். பிரிண்டர் ஒரு படிவத்தைத் துப்பியது. கஜந்திக்குக் கண் கலங்கியது. காலையில் கண்டதைச் சொல்ல முன்னால் சாய்ந்தாள்.

"டொக்டர், கறுப்பாப் போகுது."

தமிழில் வந்தது.

அவள் நிறுத்தி, மறுபடி முயன்றாள். பதினேழு வருடம் சிட்னியில் பேசிய ஆங்கிலம். ஒரு சொல்கூட இல்லை. கேட்டால் விளங்கியது. எடுக்கப் போனால் வெறும் இடம்.

"கறுப்பாப் போகுது. நோகுது."

டொக்டர் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். பதற்றத்தில் தாய்மொழிதான் வரும், பரவாயில்லை என்றார். போனை ஸ்பீக்கரில் போட்டு ஒரு எண்ணை அழுத்தினார். தமிழ், என்று மட்டும் சொன்னார்.

மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள். பின்னால் மூடிக்குக் கீழே நீராவி சீறும் சத்தம்.

"சொல்லுங்கோ, கஜந்தி அக்கா."

டொக்டர் போனில் அவளுடைய பெயரைச் சொல்லவேயில்லை.

"போனை வையுங்கோ! இவ செத்துப்போனவ! டொக்டர், எனக்குக் கறுப்பாப் போகுது, கமரா விட்டுப் பாருங்கோ, கெதியாப் பாருங்கோ!"

போனில் நீராவி ஒருமுறை பலமாகச் சீறியது. பிறகு ஆங்கிலம். தடங்கல் இல்லாத, மரியாதையான, கஜந்தியுடையதைப் போன்ற ஆங்கிலம். முடிவுகளைக் கேட்டதும் நிம்மதியாகிவிட்டதாம். வீண் சிரமம் தந்ததற்கு மன்னிக்கட்டாம். கமரா வேண்டாமாம்.

"இல்லை! இல்லை!"

வேண்டவே வேண்டாமாம், என்றது குரல்.

டொக்டர் தயங்கினார். ஆனால் அழுகிறாரே?

சந்தோஷத்தில், என்றது குரல்.

டொக்டர் படிவத்தை நான்காகக் கிழித்துக் கூடைக்குள் போட்டார். போனை நிறுத்தினார். போனின் சிவப்பு விளக்கு அணைந்தது. நீராவிச் சத்தம் அணையவில்லை. அது இப்போது அவளுக்குள் இருந்தது.

கஜந்தி டொக்டரின் சட்டைக் கையை எட்டிப் பிடித்தாள். பிடியை விடவில்லை. விலாவுக்குக் கீழிருந்த பெருவிரல் நகர்ந்தது. மேலே. நெஞ்சு. தொண்டை. நாக்கின் அடியில் வந்து நின்றது.

அழுத்தியது.

அவளுடைய உதடுகள் விரிந்தன. நல்ல ஆங்கிலம் வெளியே வந்தது.

"நன்றி, டொக்டர். எனக்கு எங்கேயும் நோகவில்லை."

டொக்டர் மகிழ்ச்சியோடு அதை அப்படியே தட்டெழுதினார். சட்டைக் கையைப் பற்றியிருந்த கஜந்தியின் வலது கை விரல்களை, அவளுடைய இடது கை, பொறுமையாக, ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துக்கொண்டிருந்தது.