காற்று படாத இடம்

அந்த லிப்ட் மெக்கானிக், பட்டறையிலிருந்து தன் பைக்கை எடுத்து நெடுஞ்சாலையில் ஏறியபோது மணி மூன்று. ஹேண்டில்பாருக்கு மேலே புது விண்ட்ஷீல்டு பளபளவென்று நின்றது. ஊர் ஊராகப் போய் லிப்ட் பழுது பார்க்கிறவருக்கு வாரத்தில் ஆறு நாள் வண்டிதான் வீடு. எதிர்காற்றில் கழுத்து பிடித்துக்கொள்கிறது, படுத்தால்கூடக் காதில் இரைச்சல் அடங்கவில்லை என்று போனில் மகளிடம் புலம்பியிருந்தார். "பேசாம கண்ணாடி ஒண்ணு மாட்டிடுங்கப்பா" என்று அவள் நச்சரித்ததில் மாட்டியது.

வேகம் அறுபதைத் தாண்டியதும் அவருக்கே ஆச்சரியம். நெஞ்சில் அறையும் காற்று இல்லை. சட்டை படபடக்கவில்லை. கதவைச் சாத்திய அறைக்குள் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

அந்த அமைதியில்தான் கேட்டது.

முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சுவிட்டார்கள்.

"ஏங்க... இன்னும் எவ்வளவு தூரம்?"

வண்டி ஒரு ஆட்டம் ஆடியது. மனைவியின் குரல். அவள் போய்ச் சேர்ந்து ஒன்றரை வருடம். திரும்பிப் பார்த்தார். பின்சீட்டு காலி.

பயந்தாரா என்றால், பயந்தார். ஆனால் நிறுத்தவில்லை. இந்த ஒன்றரை வருடத்தில் அவரை "ஏங்க" என்று கூப்பிட ஓர் ஆள் கிடையாது. "நாப்பது கிலோமீட்டர்மா," என்றார்.

அதிலிருந்து தினமும் பேச்சுதான். வேகம் அறுபதைத் தொட்டால் குரல் வரும், குறைந்தால் போய்விடும். எந்தக் கட்டடத்தில் எந்த லிப்ட் மாடிக்கு நடுவே நின்றது, சோறு எப்படிக் குழைந்து போனது, தனியாகச் சாப்பிட உட்கார்ந்தால் எப்படி டிவியைப் போட்டுக்கொள்கிறார் என்று ஒன்று விடாமல் சொன்னார். "பாப்பா வேலை முடிஞ்சு ஏழு மணிக்குதான் வீட்டுக்கு வர்றா. தனியாத்தான் இருக்கா," என்று மகளைப் பற்றியும் சொன்னார். பின்னாலிருந்து "ம்... அப்புறம்?" என்று கேட்கும். வேலையில்லாத ஞாயிறன்றும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அந்தக் குரல் அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டே இருந்ததே தவிர, தானாக ஒன்றுமே சொன்னதில்லை. அது அவருக்கு உறைக்கவில்லை.

பதினேழாம் நாள், ஆளில்லாத ஒரு நீண்ட நேர்ச்சாலையில், குரல் காதுக்கு மிக அருகே வந்தது. ஈரச் சுவரின் வாடை அடித்தது.

"ஏங்க... நம்ம பொண்ணு பேரு என்ன?"

சொல்ல வாயெடுத்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அந்தப் பெயரைத் தேடித் தேடி வைத்தவளே அவர் மனைவிதான்.

"சொல்லுங்க."

அவர் பிரேக்கில் காலை வைத்தார்.

"சொல்லுங்க. பேரு தெரியாம எப்படிக் கூப்பிடுறது?"

ஓரம்கட்டி இறங்கினார். ஸ்பேனரை எடுத்து நான்கு போல்ட்டையும் கழற்றி, விண்ட்ஷீல்டைச் சாலையோரப் பள்ளத்தில் வீசினார். மறுபடி வண்டியை முறுக்கினார். காற்று ஓவென்று வந்து முகத்தில் மோதியது. ஒரு சத்தமும் கேட்கவில்லை. கண்ணில் நீர் வழிய, அந்த இரைச்சல் அவருக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

மூன்று கிலோமீட்டர் போயிருப்பார்.

குளிர் தாங்காதது போல, அவர் முதுகில் ஏதோ ஒண்டிக்கொண்டது.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. மகள் கூப்பிடும் நேரம். அவர் எடுக்கவில்லை, இரண்டு கையும் ஹேண்டில்பாரில்தான் இருந்தன.

ஆனால் அதிர்வு சட்டென்று நின்றது.

பிரேக்கை மிதித்து, வண்டி சரியாக நிற்கும் முன்பே போனை உருவினார். அழைப்பு எடுக்கப்பட்டிருந்தது. நாற்பது விநாடி ஓடியிருந்தது.

"பாப்பா! பேசாத, போனை வை!" என்று கத்தினார்.

அவர் கத்தியது அவளுக்குக் கேட்டதாகவே தெரியவில்லை. மறுமுனையில் மகள் அழுகையும் சிரிப்புமாகத் திணறிக்கொண்டிருந்தாள்.

"அம்மா? நிஜமாவே நீதானாம்மா? ஆமாம்மா, நான்தான்..." என்றவள், தன் பெயரைச் சொன்னாள்.