904-ஆம் டிக்கெட்

மேனேஜர் அறையில் டெலிபோன் அலறியது.

எதிரே நின்றவளைத் திட்டுவதைப் பாதியில் நிறுத்திவிட்டு எடுத்தார். கேட்டார். வைத்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"ஆஸ்பத்திரியில ஒரு நோயாளி செத்துட்டார். நம்ம மருந்து பம்ப்... நாள் முழுக்க ஏத்த வேண்டிய மருந்த ஒரே நிமிஷத்துல ஏத்தியிருக்கு."

பம்ப்பை ஓட்டும் புரோகிராம் அவள் எழுதியது. அளவு மீறினால் மருந்தை நிறுத்தும் பூட்டையும் அவளே போட்டிருந்தாள்.

அந்தப் பூட்டு எங்கே போனது?

ஒரு மணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். மேனேஜர் கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினார். புரோகிராமில் யார் கை வைத்தாலும் 'கமிட்' என்று பெயரோடு பதிவாகும். பூட்டை நீக்கிய கமிட்டில்...

அவள் பெயர்!

"நான் எடுக்கல சார்."

"பின்ன பேய் வந்து எடுத்துச்சா? உன்ன வேலைக்கு வெச்சேன் பாரு, என்னைத்தான் சொல்லணும்."

இரண்டு வருஷமாக இதே நாக்கு. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாருடைய பாஸ்வேர்டும் மேனேஜர் டிராயரில் ஒரு தாளில் இருப்பதைச் சொன்னாள். அவசரத்துக்கு வைத்திருப்பதாம். இன்ஸ்பெக்டர் அவளை ஸ்டேஷனுக்குக் கிளம்பச் சொன்னார்.

"ரெண்டு நிமிஷம் சார். அந்த கமிட் எந்த டிக்கெட்டுல ஒட்டியிருக்குன்னு பாத்துடறேன்."

"டிக்கெட் நம்பரே போடல சார்," என்று மேனேஜர் சிரித்தார். "வேணும்னே மறைச்சிருக்கா."

அந்த ஆபீசில் ஒவ்வொரு வேலைக்கும் நம்பரோடு ஒரு டிக்கெட் உண்டு. கமிட்டில் அந்த நம்பரைப் போட ஆட்கள் மறந்து தொலைத்தார்கள். போன மாதம் அவள் ஒரு சின்னக் கருவி எழுதி எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஏற்றினாள். நம்பர் போடாவிட்டால், அந்தக் கம்ப்யூட்டரில் திறந்திருக்கும் டிக்கெட்டோடு கமிட்டைத் தானே ஒட்டிவிடும்! அதை விளக்கிய மீட்டிங்கில் மேனேஜர் போனை நோண்டிக்கொண்டிருந்தார்.

அவள் தட்டினாள். 904-ஆம் டிக்கெட் திறந்தது. அதன் அடியில்... பூட்டை நீக்கிய அதே கமிட்!

இன்ஸ்பெக்டர் வாய்விட்டுப் படித்தார். "'மேனேஜர் ரூம் நாற்காலி கிறீச்சுனு கத்துது. உடனே மாத்தவும்.' இது யாரு எழுதினது?"

"அவரேதான் சார். அவர் கம்ப்யூட்டர்ல மட்டும்தான் இது திறந்திருக்கும். என் பேர்ல பூட்ட எடுத்ததும் அங்கேருந்துதான்."

மேனேஜர் எழுந்தார். நாற்காலி கிறீச்சிட்டது.

"அந்தப் பூட்டால டெஸ்ட் பாஸ் ஆகவே இல்ல சார்... மறுநாள் டெலிவரி..." நாக்கு குழறியது.

இன்ஸ்பெக்டரின் கை அவர் தோளில் விழுந்தது. அவளுக்கு நிம்மதி வரவில்லை. ஒரு உயிர் போயிருந்தது. ஆத்திரம் மட்டும் அடங்காமல் நின்றது.

வாசல்வரை போன மேனேஜரைக் கூப்பிட்டாள்.

"சார், 904-ஐ மூடிடறேன். நீங்க போற இடத்துல நாற்காலியே தர மாட்டாங்க."